சிடி டிரான்ஸ்போர்ட், ஸ்ட்ரீமர்: காசு கரையாமல் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கிறது. அலமாரியில் பல வருடங்களாகச் சேர்த்த சிடிக்கள். போனில் மாதச் சந்தா கட்டிய பாட்டுச் செயலி. இரண்டையும் அதே ஸ்பீக்கரில் தரம் குறையாமல் கேட்க ஆசைப்படும்போதுதான் சிடி டிரான்ஸ்போர்ட், ஸ்ட்ரீமர் என்ற பெட்டிகளைத் தேடத் தொடங்குகிறோம். விலையோ சில ஆயிரங்களில் ஆரம்பித்துச் சில லட்சங்கள் வரை ஏறுகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால் காசு கரைந்துவிடும்.

சிடி டிரான்ஸ்போர்ட் என்பது பாதி சிடி பிளேயர். வட்டைச் சுழற்றி, லேசரால் படித்து, கிடைத்த எண்களை டிஜிட்டலாகவே வெளியே அனுப்பும். ஸ்ட்ரீமர் அதே வேலையை இணையத்திலிருந்தோ வீட்டு ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ எடுத்துச் செய்யும். அந்த எண்களை ஒலி அலையாக மாற்றுவது ‘டாக்’ என்ற மூன்றாவது சங்கதி. அது தனிப் பெட்டியாக இருக்கலாம், ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயோ ஸ்ட்ரீமருக்குள்ளேயோ இருக்கலாம். கடிதத்தைக் கிழியாமல் கொண்டுவந்து கொடுப்பதோடு தபால்காரரின் வேலை முடிந்தது. கடிதத்தில் இருக்கும் நயத்துக்கு அவர் பொறுப்பல்ல. டிரான்ஸ்போர்ட்டும் ஸ்ட்ரீமரும் அப்படித்தான்.

ஆகவே “இந்த டிரான்ஸ்போர்ட்டில் பேஸ் அதிகம், அந்த ஸ்ட்ரீமரில் குரல் இனிமை” என்ற விற்பனைப் பேச்சை ஓரமாக வைத்துவிடுங்கள். எதைப் படிக்கும், எதனோடு இணையும், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார் என்ற மூன்று கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போடுங்கள். வித்தியாசம் காதுக்குத் தெரிவது அங்கேதான்.

படி 1: அலமாரியைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போகும் முன் இருக்கிற வட்டுகளை நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், கம்பெனி அச்சடித்த ஒரிஜினல் ஆடியோ சிடி. இதை எல்லா டிரான்ஸ்போர்ட்டும் படிக்கும். இரண்டாவது, கடையிலோ வீட்டிலோ எழுதிய சிடி-ஆர், சிடி-ஆர்டபிள்யூ. இவற்றில் சிடி-ஆர்டபிள்யூ ஒளியை மிகக் குறைவாகவே பிரதிபலிக்கும் என்பதால் பழைய லேசர்கள் திணறும். மூன்றாவது, ஒரே வட்டில் நூறு, நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடி. தமிழ்நாட்டு வீடுகளில் இது கட்டாயம் இருக்கும். பல டிரான்ஸ்போர்ட்டுகள் ஆடியோ சிடியை மட்டுமே படிக்கும். எம்பி3 வட்டைப் போட்டால் வெளியே துப்பிவிடும். அந்தப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து பென்டிரைவில் போட்டு ஸ்ட்ரீமர் வழியாகக் கேட்பதுதான் சுலபம். நான்காவது, எஸ்ஏசிடி என்ற உயர்தர வட்டு. இரண்டு அடுக்கு கொண்ட ஹைப்ரிட் வகையாக இருந்தால் சாதாரண டிரான்ஸ்போர்ட் அதன் சிடி அடுக்கை மட்டும் படிக்கும்.

அடுத்து, முதல் குவியலிலிருந்து உங்களுக்குப் பிடித்த இருபது ஆல்பங்களைச் செயலியில் தேடிப் பாருங்கள். சில கர்நாடகக் கச்சேரிப் பதிவுகள் கிடைக்காது. எண்பதுகளின் திரைப்பாடல்கள் கிடைக்கும். ஆனால் எந்தப் பிரதி என்பது தெரியாது. ஒரே பாட்டு ஒரு வெளியீட்டில் ஏற்ற இறக்கத்தோடு விசாலமாகவும், இன்னொன்றில் ஒலியளவை ஏற்றி நெருக்கிய மறுபதிப்பாகவும் இருக்கும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நெருக்கிய பிரதியை எந்தப் பெட்டியாலும் விரித்துக் கொடுக்க முடியாது.

இருபதில் பதினேழு, பதினெட்டு நல்ல பிரதியாகச் செயலியிலேயே கிடைத்தால் ஸ்ட்ரீமர் மட்டும் போதும். பாதிகூடத் தேறவில்லை என்றால் டிரான்ஸ்போர்ட்டுக்குக் காசு ஒதுக்குங்கள்.

படி 2: ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பாருங்கள்

பின்பக்கத்தில் ‘கோஆக்சியல்’, ‘ஆப்டிகல்’ என்று எழுதிய டிஜிட்டல் உள்வாங்கிகள் இருந்தால் உள்ளேயே டாக் இருக்கிறது என்று பொருள். டிரான்ஸ்போர்ட்டை நேராகச் செருகலாம். சிவப்பு, வெள்ளை அனலாக் பின்கள் மட்டும் இருந்தால் மூன்று வழிகள் உண்டு: தனி டாக் வாங்குவது, டாக்கோடு வரும் முழு சிடி பிளேயரை வாங்குவது, டிஜிட்டல் உள்வாங்கி உள்ள ஸ்ட்ரீமரை வாங்கி டிரான்ஸ்போர்ட்டை அதில் செருகுவது. மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதில்லை. ஸ்ட்ரீமரில் ஆப்டிகல் ‘இன்’ இருக்கிறதா, ‘அவுட்’ மட்டும்தானா என்பதைக் கவனித்தால் ஒரு பெட்டி மிச்சம்.

எத்தனை உள்வாங்கிகள் காலியாக இருக்கின்றன என்பதையும் எண்ணுங்கள். டிவி ஏற்கெனவே ஆப்டிகலைப் பிடித்திருந்தால் புதிய பெட்டிகளில் ஒன்றுக்குக் கோஆக்சியல் அவசியம்.

படி 3: டிரான்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள்

சிடி 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த இலக்கணம் இன்றுவரை அதுவே: 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட். நாற்பது வருடப் பழைய வட்டும் இன்று வாங்கும் இயந்திரத்தில் ஓடும். மாறாத தொழில்நுட்பம் என்பதால் இங்கே புதிய மாடலுக்கு ஓட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இயந்திரப் பகுதியைத்தான்.

*வட்டு நுழையும் விதம்:* வெளியே வரும் தட்டு வகைதான் தொல்லை குறைந்தது. கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி இந்த ரகம். ஆடியோலேப் 6000சிடிடி போன்றவற்றில் வட்டைப் பிளவுக்குள் நுழைக்க வேண்டும். பார்க்க அழகு, ஆனால் 8 சென்டிமீட்டர் குட்டி வட்டைப் பிளவில் போடக் கூடாது. புரோஜெக்ட் சிடி பாக்ஸ் ஆர்எஸ்2 டி போல மேல்மூடி திறக்கும் வகைக்கு, அலமாரித் தட்டில் மேலே கைபோகும் அளவு இடம் வேண்டும்.

*வெளியீடு:* கோஆக்சியல், ஆப்டிகல் இரண்டும் இருந்தால் போதும். எச்டிஎம்ஐ வடிவில் வரும் ‘ஐ2எஸ்’ வெளியீடு, அதற்கு இணையான டாக் இருந்தால்தான் பயன்படும். பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறவும் செய்யும்.

*லேசர்:* தேய்ந்து சாகப்போவது இதுதான். வாங்கும் முன், உள்ளே என்ன லேசர் பிக்கப் இருக்கிறது, தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சோனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எஃப்-பி101என் போன்றவை எண்ணற்ற பிளேயர்களில் புழங்கிய ரகங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் தேடிப் பார்க்கலாம். “லென்ஸ் போயிடுச்சு” என்று மெக்கானிக் சொன்னால், பெரும்பாலும் இந்த முழு பிக்கப்பையும் மாற்ற வேண்டும் என்றுதான் அர்த்தம்.

*பழையதை வாங்கினால்:* 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு சிடியைக் கையோடு கொண்டுபோங்கள். சிடியை லேசர் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் படிக்கிறது. தளர்ந்த லேசர் முதல் பாட்டை அருமையாகப் பாடிக் காட்டிவிட்டு, கடைசிப் பாட்டில் திக்கும். அதனால் நேரே கடைசிப் பாட்டுக்குப் போய் முழுவதும் கேளுங்கள். பிறகு முதல் பாட்டு, உடனே கடைசிப் பாட்டு என்று நான்கைந்து தடவை தாவ விடுங்கள். தாவும்போது கரகரவென்ற சத்தமோ, தேடித் தேடி நிற்பதோ இருந்தால் விலகிவிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்பக்கத்தில் மின்னழுத்தத்தைப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது.

இவ்வளவுக்கும் முன் ஒரு காரியம்: பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரை இறக்கிப் பாருங்கள். அதில் கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் வெளியீடு இருந்தால், அதுவே ஒரு சிடி டிரான்ஸ்போர்ட். டிவி திரை இல்லாமல் பாட்டு எண் தெரியாது, மோட்டார் கொஞ்சம் இரையும். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் எண்கள் அதே எண்கள்தான். அதில் ஒரு மாதம் கேட்டுவிட்டு, டிரான்ஸ்போர்ட் உண்மையில் தேவையா என்று முடிவெடுங்கள்.

படி 4: ஸ்ட்ரீமரைத் தேர்ந்தெடுங்கள்

டிரான்ஸ்போர்ட்டின் ஆயுள் லேசரில் இருக்கிறது. ஸ்ட்ரீமரின் ஆயுள் மென்பொருளில் இருக்கிறது. கூகுள் தயாரித்த குரோம்காஸ்ட் ஆடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நின்று பல வருடங்கள் கழித்து, 2025 மார்ச்சில், உள்ளிருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகெங்கும் அவை ஒரே நேரத்தில் முடங்கின. கூகுள் மனம் வைத்துத் திருத்தம் அனுப்பிய பிறகே மீண்டும் பாடின. இதற்கு நேர்மாறு ஸ்குவீஸ்பாக்ஸ். லாஜிடெக் 2012-இல் அதைக் கைவிட்டது; ஆனால் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், பயனர்களே லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் வளர்த்து வருகிறார்கள். அதனால் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், கம்பெனி பழைய மாடல்களுக்கு எத்தனை வருடம் அப்டேட் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு இந்த வரிசையில் சரிபாருங்கள்.

*உங்கள் சந்தா அதில் நேரடியாக ஓடுமா?* ஸ்பாடிஃபை கனெக்ட் போன்ற முறையில் ஸ்ட்ரீமரே இணையத்திலிருந்து பாட்டை இழுக்கும். போன் வெறும் ரிமோட். அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. புளூடூத்தில் அப்படியில்லை. பாட்டு போன் வழியாக, மறுபடி சுருக்கப்பட்டு வருகிறது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லா ஒலி தருகிறது. ஆனால் பெரும்பாலான ஸ்ட்ரீமர்களுக்குள் அது குடியேறவில்லை, போனிலிருந்து ஆப்பிளின் ஏர்ப்ளே அல்லது கூகுளின் குரோம்காஸ்ட் மூலம்தான் அனுப்ப வேண்டும். வீம் நிறுவனத்தின் புரோ மாடலில் ஏர்ப்ளே உண்டு. தொடுதிரையோடு 2024-இல் வந்த அல்ட்ராவில் இல்லை. விலை கூடியதில் எல்லாம் இருக்கும் என்று நினைத்து ஐபோன்காரர்கள் ஏமாறும் இடம் இது. டைடல், கோபுஸ் போன்ற சேவைகளுக்காகவே பெட்டி வாங்குகிறீர்கள் என்றால், அவை உங்கள் நாட்டில் சந்தா விற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

*இடைவெளி விடாமல் பாடுமா?* கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது உயிர்நாடி. கச்சேரி சிடியில் ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் எல்லாம் தனித்தனி டிராக்காக இருக்கும். பாடகர் நிறுத்தாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போயிருப்பார். இடைவெளியில்லா வசதி இல்லாத ஸ்ட்ரீமரில், தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்புரா அறுந்து, அரை நொடி மௌனத்துக்குப் பிறகு திரும்ப வரும். கடையில் கேட்டுப் பார்க்க இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. செயலியில் ஒரு முறை, பென்டிரைவில் ஒரு முறை என்று தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றில் சரியாக இருந்து மற்றொன்றில் சொதப்புவது உண்டு.

*கம்பி இணைப்பு உண்டா?* சிடி தரத்துக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் தாண்டாது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பே சுருக்காமல் போனாலும் 9.2 மெகாபிட்தான். எந்த ஃபைபர் இணைப்பும் இதைத் தாங்கும். விட்டுவிட்டுப் பாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம் அல்ல, சுவர்களைத் தாண்டித் தளர்ந்துவரும் வைஃபை. ஈதர்நெட் துளை இருக்கும் மாடலாக எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி விடும்.

*வீட்டில் மற்றவர்கள் இயக்குவார்களா?* அப்பா அம்மாவுக்குச் செயலி பழகவில்லை என்றால், ரிமோட்டும் முன்பதிவுப் பொத்தானும் இருக்கும் பெட்டியைப் பாருங்கள்.

கைவேலையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு ராஸ்பெர்ரி பை ஒரு நல்ல பாதை. அதன்மேல் டிஜிட்டல் வெளியீடு தரும் ஹைஃபைபெர்ரி பலகை ஒன்றைப் பொருத்தி, மூட் அல்லது வாலுமியோ மென்பொருளை எழுதினால் ஸ்ட்ரீமர் தயார். யுஎஸ்பி டாக் இருந்தால் பலகைகூட வேண்டாம்.

சிடியும் ஸ்ட்ரீமரும் ஒரே பெட்டியில் வந்தால் இடம் மிச்சம்தான். ஆனால் மென்பொருள் காலாவதியானாலும் லேசர் போனாலும் முழுப் பெட்டியும் பழுதுக்குப் போகும். இடநெருக்கடி இல்லையென்றால் தனித்தனியாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

படி 5: கேபிளில் கஞ்சத்தனமும் வேண்டாம், ஊதாரித்தனமும் வேண்டாம்

கோஆக்சியலுக்கு வேண்டியது 75 ஓம் கேபிள். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மூன்று நிறக் கேபிளில் மஞ்சள் பின், வீடியோவுக்காக 75 ஓமில் செய்தது. ஒன்றிரண்டு மீட்டருக்கு அதுவே வேலை செய்யும். ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் ஆப்டிகலுக்கு மாறுங்கள். அதில் மின்சாரத் தொடர்பே இல்லாததால் எர்த் வழியாக வரும் இரைச்சல் கடக்காது. செருகும் முன் முனையிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள்.

படி 6: பூட்டியபின் செட்டிங்கைச் சரிசெய்யுங்கள்

பெட்டியை மாற்றுவதைவிட இந்தப் பத்து நிமிட வேலை அதிகப் பலன் தரும்.

1. டாக்கோ ஆம்ப்ளிஃபயரோ ஒலியளவைப் பார்த்துக்கொள்கிறது என்றால், ஸ்ட்ரீமரின் வெளியீட்டை ‘ஃபிக்ஸ்ட்’ நிலைக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் ஆம்ப்ளிஃபயர் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். இல்லையேல் முழுச் சத்தமும் ஸ்பீக்கரில் வந்து விழும்.
2. ஈக்வலைசரையும், செயலியில் பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியையும் அணையுங்கள்.
3. செயலியின் தர அமைப்பில் உயர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கும்.
4. டாக்கில் எண் காட்டும் திரை இருந்தால் பாருங்கள். சிடித் தரப் பாட்டு ஓடும்போது 44.1, உயர்தரக் கோப்பு ஓடும்போது 96 என்று மாற வேண்டும். எது ஓடினாலும் 48 என்றே நின்றால், வழியில் யாரோ எண்களை மாற்றுகிறார்கள். போனிலிருந்து அனுப்பும் முறையை விட்டு, ஸ்ட்ரீமரே இழுக்கும் முறைக்கு மாறுங்கள்.

படி 7: சிடிக்களைக் கோப்பாக மாற்றிவையுங்கள்

டிரான்ஸ்போர்ட் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளால் சிடியை ஃபிளாக் கோப்பாக எடுத்தால் ஒரு ஆல்பம் சுமார் 300 முதல் 400 மெகாபைட் ஆகும். ஐந்நூறு சிடி 200 ஜிபிக்குள் அடங்கிவிடும். படித்தது பிழையில்லாமல் வந்ததா என்பதை, பிறர் அதே சிடியைப் படித்த கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்லும் வசதியும் அதில் உண்டு.

பெயரிடும்போது ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பாடலுக்கு ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர், ஆர்டிஸ்ட் இடத்தில் பாடகர்கள். கர்நாடக இசைக்கு ராகத்தைத் தலைப்பிலேயே சேர்த்துவிட்டால், “கல்யாணி” என்று தேடினால் எல்லாம் வரிசையாக வரும். தமிழா ஆங்கிலமா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். பாதி அப்படி, பாதி இப்படி இருந்தால் தேடுவதே பெரிய வேலையாகிவிடும்.

படி 8: சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டு முடிவெடுங்கள்

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது, கொஞ்சம் சத்தமாகப் பாடுவதே நல்லது என்று காது சொல்லும். அரை டெசிபல் வித்தியாசம்கூடச் சத்தமாகத் தோன்றாமல், ‘தெளிவாக’த் தோன்றும். அதனால் ஒரே டாக்கில் இரண்டையும் இணைத்து, ஒரே பதிவின் ஒரே பிரதியை ஓட்டி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். மாற்றிக் கொடுக்க வீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். பத்துத் தடவையில் ஏறக்குறைய பாதிதான் சரியாகச் சொல்ல முடிந்தால், விலை குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு: சில வரிகள்

சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். தடத்தின் குறுக்கே விழும் கீறலை, சுமார் 2.5 மில்லிமீட்டர் அகலம் வரை, பிழைதிருத்தும் முறை முழுதாகச் சமாளித்துவிடும். தடத்தின் போக்கிலேயே ஓடும் கீறல்தான் ஆபத்து. பெயர் அச்சடித்த பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். தகவல் அடுக்கு அதற்கு அடியிலேயே, மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரானால் சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். தட்டைத் திறந்தபடி விடாதீர்கள். லென்ஸில் தூசி படிந்தால் வட்டைப் படிப்பதில் கோளாறு வரும்.

யாருக்கு எது?

சிடி ஐம்பதுக்குக் கீழே, சந்தா ஏற்கெனவே இருக்கிறது: கம்பி இணைப்புள்ள எளிய ஸ்ட்ரீமர் ஒன்று வாங்குங்கள், சிடிக்களைக் கோப்பாக்கிவிடுங்கள். டிரான்ஸ்போர்ட் வேண்டாம்.

சிடி நூற்றுக்கணக்கில், வட்டை எடுத்துப் போட்டுக் கேட்பதே சுகம்: தட்டு வகை டிரான்ஸ்போர்ட் ஒன்று, கூடவே எளிய ஸ்ட்ரீமர். இரண்டும் ஒரே டாக்கில் சேரட்டும்.

ஆம்ப்ளிஃபயரில் டாக் இல்லை, பட்ஜெட் குறைவு: டிஜிட்டல் உள்வாங்கியும் டாக்கும் உள்ள ஸ்ட்ரீமர், அதில் செருகிய பழைய டிவிடி பிளேயர்.

மூன்றில் எது உங்களுக்குப் பொருந்தினாலும், முதலில் ஸ்ட்ரீமரை வாங்கிச் சில வாரம் கேளுங்கள். அதன் பிறகும் கை அலமாரிப் பக்கம் போனால் டிரான்ஸ்போர்ட்டை வாங்குங்கள். திருப்பித் தரும் கெடுவை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.